கட்டிய கையும் காத்த கையும்

ஒரு பொருளை ஆக்கியவர் பெரியவரா, அது அழியாமல் காத்தவர் பெரியவரா என்னும் வினா நம் பட்டிமன்ற மேடைகளுக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே பெரும்பாலும் ஆக்கியவர் பக்கமே வெற்றி பெறும். ஆக்கத்தில் ஒளி இருக்கிறது. காப்பில் இருப்பதெல்லாம் உழைப்பு. கல்வெட்டும் கட்டியவர் பெயரையே முதலில் பொறிக்கிறது. ஒழுகிய கூரையை அடைத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆயினும், இவ்வினாவைச் சொல்லை மட்டும் கொண்டு ஆராயாமல், செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய ஒரு கட்டடத்தை முன்னிறுத்தி ஆராய்ந்தால், தீர்ப்பு வேறாகவும் கூடும் என்று எண்ணுகிறோம்.

அவ்வாறு நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் கட்டடம், இன்று இஸ்தான்புல் என வழங்கும் பழைய கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் நிற்கும் ஹாகியா சோஃபியா பேராலயம். சோஃபியா என்றதும் அது யாரோ ஒரு புனிதப் பெண்மணியின் பெயர் என நம்மவரிற் பலர் கருதிவிடுவர். அன்று, கிரேக்கச் சொல்லின் பொருள் 'தூய ஞானம்' என்பது. இறைவனுடைய ஞானத்திற்கு எடுத்த கோயில் என்க.

இதன் பிறப்பே குருதியில் நனைந்தது. கி.பி. 532 சனவரியில், தேரோட்டக் களத்தில் தொடங்கிய ஒரு கலகம் நகரெங்கும் பரவித் தீயாய் மூண்டது. அங்கிருந்த பழைய ஆலயமும் வெந்து சாம்பலாயிற்று. பேரரசர் ஜஸ்டினியன் கலகக்காரரைத் தேரோட்டக் களத்திலேயே மடக்கிக் கொன்று குவித்தார். மாண்டவர் முப்பதாயிரவர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோபியஸ் எழுதுகிறார். ஆறு வாரங்கூட ஆகவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 23-இல் புதிய ஆலயத்தின் பணி தொடங்கிவிட்டது. 537 டிசம்பர் 27-இல் திறப்பு விழாவும் நடந்தது. ஆறு ஆண்டும் நிரம்பாத காலத்தில், அதுவரை உலகு கண்டிராத ஒரு கூடம் எழுந்து நின்றது. இதைப் பெருமை என்போமா, ஒரு கொடுமையை மறைக்கப் போர்த்திய பொன்னாடை என்போமா? இரண்டும் உண்மையாதல் கூடும். கட்டியவரைப் போற்ற முற்படும்போது இந்த முப்பதாயிரம் பேரையும் ஒருகால் நினைத்துக்கொள்ளுதல் நன்று.

பணியை ஏற்ற இருவரும் கொத்தனார் மரபில் வந்தவர் அல்லர். டிராலஸ் ஊரினரான அந்தேமியஸும், மிலேட்டஸ் ஊரினரான இசிடோரும் கணித அறிஞர்கள். வடிவ கணிதமும் எந்திரவியலும் அவர்களுடைய துறை. எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றி அந்தேமியஸ் ஒரு நூலும் இயற்றியிருக்கிறார். எழுதுபலகையில் வரைந்த வட்டமும் சதுரமும் ஒருநாள் வானளாவ நிற்கக் காணும் பேறு எத்தனை கணித அறிஞர்க்கு வாய்க்கும்? இவர்களுக்கு வாய்த்தது.

அக்கட்டடத்தின் அமைப்பை மனக்கண்ணால் ஒருமுறை நடந்து பார்ப்போம். மேற்கிலிருந்து நுழைவோர் முதலில் ஒரு வெளி முன்கூடத்தையும், அதனையடுத்து ஓர் உள் முன்கூடத்தையும் கடக்கின்றனர். உள் முன்கூடத்திலிருந்து நடுக்கூடத்திற்குள் செல்ல ஒன்பது வாயில்கள் உள்ளன. அவற்றுள் நடுவிலுள்ள பெருவாயில் பேரரசர்க்கே உரியதாய் இருந்தது. அவ்வாயிலில் நின்று நிமிர்ந்து நோக்கினால் முதலில் மேற்கு அரைக்குவிமாடம் தெரியும். இரண்டடி முன்னே வைத்தால் அதற்கும் மேலே பெரிய குவிமாடம் எழும். மேலும் நடந்தால் கிழக்கு அரைக்குவிமாடமும், அதன் கீழே பலிபீடம் நின்ற அரைவட்டக் கோடியும் தோன்றும். ஒரேயடியாகக் காட்டிவிடாமல் படிப்படியாகத் திறந்து காட்டும் அமைப்பு இது. நடுக்கூடத்தின் நீளம் ஏறத்தாழ 80 மீட்டர். குவிமாடத்தின் விட்டம் ஏறத்தாழ 31 மீட்டர். அதன் உச்சி இன்று தரையிலிருந்து ஏறத்தாழ 55 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரு பக்கங்களிலும் தூண்வரிசைகளுக்கு அப்பால் பக்கக் கூடங்களும், அவற்றின்மேல் மேல்மாடங்களும் அமைந்துள்ளன. தூண்கள் கீழே 40, மேலே 64. அவற்றுட் பல தெசலி நாட்டுப் பச்சைக் கல்லால் ஆனவை. நடுக்கூடத்தின் நான்கு மூலைகளிலும் அரைவட்டமாய்க் குழிந்த இடங்களில் நிற்பவை செந்நீலக் கற்றூண்கள். குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி 40 சாளரங்கள் வரிசையாக உள்ளன. காலைக் கதிர் அவற்றின் வழியே நுழையும்போது விளிம்பு ஒளியில் கரைந்து போகிறது. அதன் மேலுள்ள பெரும்பாரம் ஒன்றன்மேலும் தங்காமல் வானிலிருந்து தொங்குவது போல் தோன்றுகிறது. புரோக்கோபியஸும் இவ்வியப்பையே தம் காலத்தில் எழுதிவைத்தார்.

இனி, இக்கட்டடத்தின் உயிர்நிலையான சிக்கலுக்கு வருவோம். ரோமாபுரியின் பாந்தியன் கோயிலில் இதனினும் அகன்ற குவிமாடம் இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. ஆனால் அது மிகத் தடித்த வட்டச் சுவரின்மேல் அமர்ந்திருக்கிறது. வட்டத்தின்மேல் வட்டம், அதனால் ஐயமில்லை. ஹாகியா சோஃபியாவிலோ வட்டம் சதுரத்தின்மேல் ஏற வேண்டும். நான்கு பெருந்தூண்கள், அவற்றை இணைக்கும் நான்கு வில்வளைவுகள், வளைவுக்கும் வளைவுக்கும் இடையே மூலைகளில் உருண்டைப் பந்தின் துண்டுகள் போல வளைந்து மேலேறும் நான்கு முக்கோணப் பரப்புகள். இம்முக்கோணங்களின் மேல்விளிம்புகள் ஒன்றோடொன்று கூடி ஒரு வட்டமாகின்றன. அவ்வட்டத்தின்மேல் குவிமாடம். இவ்வளவு பெரிய அளவில் இம்முறையை இதற்கு முன் எவரும் செய்து பார்த்ததில்லை.

நம் நாட்டுக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இதிலுள்ள இடர் எளிதிற் புலப்படாது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில், ஒரு வரிசைக் கல்லின்மேல் மறு வரிசைக் கல் சற்றே உள்நோக்கி நீண்டு படுத்திருக்கிறது. பாரம் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கிவிடுகிறது. வில்வளைவிலும் குவிமாடத்திலும் அப்படியன்று. ஒவ்வொரு செங்கல்லும் தன் அண்டைச் செங்கல்லைத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. அத்தள்ளுவிசை இறுதியில் தூண்களை வெளிப்புறமாகச் சாய்க்கப் பார்க்கிறது. வில்வளைவு உறங்காத ஒன்று என்னும் கருத்து இந்தியரிடையே இருந்ததாக, ஜேம்ஸ் பெர்குசன் 1876-இல் வெளியான தம் இந்தியக் கட்டடக்கலை நூலிற் குறித்துள்ளார். அதைவிடச் செம்மையாக இதனை விளக்க முடியாது. உறங்காத ஒன்றைத் தலைக்குமேல் ஏற்றி வைத்தவர், உறங்காமல் அதைப் பார்த்துக்கொள்ளும் கடமையையும் பின்வருவோர் தலையில் ஏற்றி வைத்தவராகிறார்.

அந்தேமியஸும் இசிடோரும் இதை அறியாதவர் அல்லர். கிழக்கிலும் மேற்கிலும் அரைக்குவிமாடங்களை வைத்து அத்திசைகளின் தள்ளுவிசையைத் தாங்கினர். வடக்கிலும் தெற்கிலும் அத்தகைய துணை இல்லை. வளைவுகளும் அவற்றின் புறத்தே நின்ற முட்டுத்தூண்களுமே அங்கே காவல். போதாக்குறைக்கு, பேரரசரின் அவசரம். சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்த சாந்து, அதாவது நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பது, மெல்ல இறுகும் இயல்பினது. இங்கோ செங்கல்லின் தடிப்புக்குச் சமமாகவும் அதனினும் மிகுதியாகவும் சாந்தை இட்டு, அது இறுகுமுன்னரே மேல்பாரத்தை ஏற்றினர். தூண்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. கட்டும்போதே கிழக்கு வளைவின் கீழே தூண்கள் விரிசல் விடத் தொடங்கின என்றும், வல்லுநர் இருவரும் அஞ்சி அரசரிடம் ஓடினர் என்றும், வளைவை முடித்துவிடுங்கள், முடிந்தபின் அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் என்று அரசர் தெய்வ அருளாற் கூறினர் என்றும் புரோக்கோபியஸ் சொல்கிறார். அரசவை எழுத்தாளர் அரசரைக் கட்டடக் கலைஞராகவும் ஆக்கிவிட்டார்! அதே புரோக்கோபியஸ், மறைவாக எழுதிய மற்றொரு நூலில் அதே அரசரை வாயாரத் தூற்றியவர் என்பதையும் அறிந்தவர்க்கு இப்புகழுரை சிறிது நகைப்பையே தரும்.

அரசர் கூறியது முழுப் பொய்யுமன்று. வளைவு முடிந்தது, நின்றது. ஆனால் எத்துணைக் காலம்? 553-இலும் 557-இலும் நிலம் நடுங்கியது. 558 மே 7-ஆம் நாள் கிழக்கு வளைவும், அரைக்குவிமாடமும், பெருங்குவிமாடத்தின் ஒரு பகுதியும் இடிந்து பலிபீடத்தின்மேல் விழுந்தன. 537 டிசம்பர் முதல் 558 மே வரை கணக்கிட்டால் இருபது ஆண்டும் சில திங்களுமே. அந்தேமியஸும் இசிடோரும் ஏற்றிவைத்த குவிமாடத்தின் வாழ்நாள் அவ்வளவுதான். நம் வினாவுக்கு இது முதற்பெரும் சான்று. புரோக்கோபியஸ் கண்டு வியந்து எழுதியது அந்த முதற் குவிமாடத்தை. இன்று அண்ணாந்து பார்ப்பவர் காண்பது வேறு. உலகம் ஒரு குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே மற்றொரு குவிமாடத்தைக் கட்டியவரின் பெயரைச் சொல்லிப் புகழ்கிறது.

இடிந்ததை எடுத்துக் கட்டும் பொறுப்பு மூத்த இசிடோரின் உடன்பிறந்தார் மகனாகிய இளைய இசிடோரிடம் வந்தது. அந்தேமியஸ் அதற்குள் மறைந்துவிட்டார். இளையவர் முன்னிருந்தபடியே திரும்பக் கட்டியிருக்கலாம்; பெரியவர்கள் வரைந்த கோடு என்று வணங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதற் குவிமாடம் மிகத் தட்டையாக இருந்ததே குறை எனக் கண்டார். சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஏணியைப் படுக்கையாகச் சாய்க்கச் சாய்க்க, அதன் அடி வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். நிமிர்த்தி வைத்தால் பாரம் தரைக்குள் இறங்கும். ஆகவே குவிமாடத்தை ஏறத்தாழ ஆறு மீட்டர் உயர்த்தி, மிகவும் நிமிர்ந்த வளைவாக அமைத்தார். வடக்கு, தெற்கு வளைவுகளை உட்புறமாக அகலப்படுத்தினார். 562 டிசம்பர் 24-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. சிறிய தந்தையோ பெரிய தந்தையோ, தம் குலத்துப் பெரியவர் செய்த கணக்கில் பிழை உண்டு என்பதை ஏற்று, அதை ஊரறியத் திருத்துவதற்கு ஒரு துணிவு வேண்டும். அத்துணிவு அந்த இளைஞரிடம் இருந்தது.

நானூறு ஆண்டுகள் கடந்தன. 989 அக்டோபரில் மற்றொரு நிலநடுக்கம் வந்தது. இம்முறை மேற்கு வளைவும் அதன்மேலிருந்த குவிமாடப் பகுதியும் வீழ்ந்தன. அப்போது பணியை மேற்கொண்டவர் அர்மீனிய நாட்டுக் கட்டடக் கலைஞர் திரிதாத். அவர் வரைபடமும் மாதிரி உருவும் செய்து காட்டிப் பணியை முடித்தார் என்று அர்மீனிய வரலாற்றாசிரியர் ஸ்தெபானோஸ் எழுதியுள்ளார். 994-இல் ஆலயம் திறக்கப்பட்டது. 1346-இல் கிழக்குப் பக்கம் விழுந்தது. அப்போது பேரரசின் கருவூலம் வறண்டிருந்தது. திருப்பணிக்கென மாஸ்கோ நாட்டு இளவரசர் அனுப்பிய பொருளைக் கூலிப்படைக்குச் செலவிட்டுவிட்டனர் என்று அக்கால எழுத்தாளர் கிரெகோரஸ் குற்றஞ்சாட்டுகிறார். (கோயில் பணம் வேறிடம் போவது எந்த நாட்டுக்கும் எந்த நூற்றாண்டுக்கும் புதிதன்று போலும்!) எப்படியோ சில ஆண்டுகளில் அப்பணியும் நிறைவேறியது.

ஆக, இன்றுள்ள குவிமாடத்தின் வடக்கும் தெற்கும் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேற்கு பத்தாம் நூற்றாண்டையும், கிழக்கு பதினான்காம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. அமெரிக்கரான ராபர்ட் வான் நைஸ் 1937 முதல் பல்லாண்டுகள் இக்கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, 1965-இலும் 1986-இலும் வரைபடங்களாக வெளியிட்டார். இத்தகைய அளவைகளால் ஒன்று தெளிவாயிற்று. குவிமாடத்தின் அடி செம்மையான வட்டம் அன்று. சற்றே முட்டை வடிவினது. மூன்று காலத்துப் பகுதிகளும் கூடும் இடங்களில் வளைவுகள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை, தையல் தெரிகிறது. சாய்ந்துபோன தூண்களின்மேல், வளைந்துபோன விளிம்பிலிருந்து, பழையதோடு புதியதை ஒட்ட வேண்டியிருந்தவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

கிரேக்கரிடையே தீசியஸின் கப்பல் என்றொரு பழம்புதிர் உண்டு. கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி, பழைய பலகை ஒன்றுமே இல்லாமற் போனால், அது அதே கப்பல்தானா என்பது அப்புதிர். மெய்யியலார் பலர் அதை வைத்துக் கூர்மதி காட்டியிருக்கின்றனர். ஆனால் அப்புதிரில் பலகையை மாற்றும் தச்சனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அவன் எந்தப் பலகையையும் பழையது போலவே அறுத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்கின்றனர். ஹாகியா சோஃபியாவின் தச்சர்கள் அவ்வாறான கற்பனை மனிதர் அல்லர். ஒருவர் மாற்றினார், மற்றவர் மாற்ற மறுத்தார். இங்கேதான் நம் வினா அறத்தைத் தொடுகிறது.

திரிதாத் எளிய கைவினைஞர் அல்லர். தம் நாட்டில், ஆனி என்னும் தலைநகரில், அவர் எழுப்பிய பேராலயத்தில் கூர்முனை வளைவுகளையும், கொத்துக் கொத்தாகத் திரண்ட தூண்களையும் அமைத்தார். தமக்கெனத் தனிப் பார்வை உடையவர். அத்தகையவர் கான்ஸ்டாண்டிநோபிளில் தம் பார்வையை அடக்கிக்கொண்டார். நானூறு ஆண்டு முன்னர் வாழ்ந்த ஒருவரின் வளைவைத் தொட்டு, அது எந்தப் போக்கிற் போகிறதோ அந்தப் போக்கிலேயே செங்கல்லை அடுக்கினார். இளைய இசிடோரோ முன்னோர் வளைவைக் கைவிட்டு உயர்த்தினார். இருவருள் யார் உண்மையாகக் காத்தவர்? இருவருமே என்பதே நம் கருத்து. அது நழுவல் விடையன்று. இளையவர் மாற்றியது எது? கட்டடத்தை வீழ்த்திய தட்டைத் தன்மையை மட்டுமே. சதுரத்தின்மேல் ஒளியால் ஏந்திய வட்டம் என்னும் மூல எண்ணத்தை அவர் தொடவில்லை. திரிதாத் முன் நின்ற மேற்குப் பகுதியோ, தன் வடிவின் பிழையால் அன்றி நிலம் நடுங்கியதால் வீழ்ந்தது. நானூறு ஆண்டு நின்று தன் தகுதியைக் காட்டிவிட்ட வடிவம் அது. அங்கே புதுமை செய்வது தன் பெயரை நாட்டும் ஆசையாகவே இருந்திருக்கும். மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமை அச்சம். மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றுதல் செருக்கு. இவ்விரண்டையும் பிரித்தறிய நூல் வழி இல்லை. இடிபாட்டின்மேல் ஏறி நின்று, எது எதனால் விழுந்தது என்று பார்த்தறிய வேண்டும்.

நம் மொழி இவ்வகையில் ஒரு நுட்பம் உடையது. புதிதாகக் கோயில் எடுப்பதையும் நாம் திருப்பணி என்கிறோம். பழுதுற்ற கோயிலைச் செப்பனிடுவதையும் திருப்பணி என்றே சொல்கிறோம். ஒரே சொல். முதலிற் கட்டியவர்க்கு ஒன்று, பின்னர்க் காத்தவர்க்குத் தாழ்ந்த வேறொன்று என்று நம் முன்னோர் சொல்லைப் பிரித்து வைக்கவில்லை. பட்டிமன்றத்தில் நாம் பிரித்துக்கொண்டு மோதுவதை மொழி முன்னரே இணைத்து வைத்திருக்கிறது.

எனினும் காத்தவர் கை எப்போதும் தூய்மையானது என்று சொல்ல இயலாது. வெளியே நின்று ஹாகியா சோஃபியாவைக் காண்பவர் சிலர் ஏமாற்றம் அடைகின்றனர். உள்ளே மிதக்கும் கட்டடம், புறத்தே முட்டுச்சுவர்களின் குவியலாய்க் கிடக்கிறது. 1317-இல் இரண்டாம் ஆந்திரோனிகோஸ் காலத்திலும், பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியப் பெருங்கலைஞர் சினான் காலத்திலும், வேறு காலங்களிலும் சேர்த்த முட்டுகள் பல. அழகைக் கெடுத்தனவே என்று குறை கூறலாம். அவை இல்லாவிடின் குறை கூறக் கட்டடம் இருந்திராது. நோயாளியின் ஊன்றுகோல் அழகாயில்லை என்று யாரும் பறித்துவிடுவதில்லை. சினான் வெறுமனே முட்டுக்கொடுத்துவிட்டும் போகவில்லை. 1557-இல் அவர் முடித்த சுலைமானியா மசூதியில், நடுக் குவிமாடத்தையும் இரு கோடிகளில் அரைக்குவிமாடங்களையும் வைத்த அமைப்பு, ஹாகியா சோஃபியாவிடமிருந்து கற்ற பாடமே. கற்றவரே பின்னாளில் தம் ஆசானுக்கு ஊன்றுகோலும் ஆனார்.

இவ்விடத்தில் எதிர்க்கட்சியின் வலிமையான வாதம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 1453-இல் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றியபின் ஆலயம் மசூதியாயிற்று. வழிபாடு மாறியபின் சுவரைக் காத்தென்ன பயன்? காத்தவர் கையே கவர்ந்தவர் கையும் ஆயிற்றே? இந்த வருத்தத்தை எளிதாக ஒதுக்க நமக்கு மனமில்லை. அந்நகரத்துக் கிரேக்கருக்கு அது வீடு இழந்த துயர். ஆயினும் செய்தியை முழுதும் பார்க்க வேண்டும். 1204-இல் இதே ஆலயத்தைக் கொள்ளையிட்டவர்கள் சிலுவைப் போர் வீரர்களாய் வந்த கிறித்தவர்களே. எட்டாம் நூற்றாண்டிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவ வழிபாடு கூடாது என்று சித்திரங்களை நீக்கியவர்களும் கிறித்தவர்களே. கிழக்குக் கோடியில் இன்றும் காணப்படும் கன்னி மரியின் உருவம் அக்கிளர்ச்சி ஓய்ந்தபின், 867-இல் திறந்துவைக்கப்பட்டது. எனவே 'பழைய உருவில்' மீட்பது என்றால் எந்த நாளின் உருவில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மசூதியான பின்னர் உருவச் சித்திரங்கள் காலப்போக்கில் சுண்ணாம்புப் பூச்சின் கீழ் மறைந்தன. 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மெஜீதின் ஆணைப்படி பழுதுபார்த்த சுவிஸ் நாட்டு ஃபொஸ்ஸாட்டி உடன்பிறப்பினர், சாய்ந்த மேல்மாடத் தூண்களை நிமிர்த்தினர். குவிமாடத்தின் அடியைச் சுற்றி இரும்புக் கட்டுப் போட்டனர். பூச்சை அகற்றிச் சித்திரங்களைக் கண்டு, படமெழுதி வைத்துக்கொண்டு, மீண்டும் மூடினர். பின்னர் 1931 முதல் தாமஸ் விட்டெமோர் என்பவர் அவற்றை மெல்ல மெல்ல வெளிக்கொணர்ந்தார். 1934-இல் அரசாணையால் காட்சியகமாக்கப்பட்டு 1935-இல் திறக்கப்பட்ட கட்டடம், 2020 சூலையில் மீண்டும் மசூதியாயிற்று. அதை ஆதரித்தும் எதிர்த்தும் உலகெங்கும் குரல்கள் எழுந்தன. யாருக்குரியது என்னும் வழக்கில் தீர்ப்பு வழங்க நாம் அமரவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. உரிமை பேசிய குரல்களுள் ஒவ்வொன்றும், ஏதோ ஒரு காலத்தில் இக்கூரையைத் தாங்கிப் பிடித்த கை ஒன்றைத் தன் முன்னோர் கையாகக் காட்ட முடியும். அதே போல் இதைப் பறித்த கை ஒன்றையும் காட்டியாக வேண்டும்.

இனி, காப்பார் இல்லாத கட்டடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அர்மீனியாவில் ஸ்வார்த்னோட்ஸ் என்னும் வட்ட வடிவப் பேராலயம் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது. பத்தாம் நூற்றாண்டு முடியுமுன்னரே அது இடிந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது அடித்தளமும் சிதறிய தூண்களுமே கிடைத்தன. அதன் அழகை மறக்க இயலாத ககிக் மன்னர் ஆனி நகரில் அதே போன்றதொன்றை எழுப்பும்படி திரிதாத்திடமே பணித்தார். திரிதாத் எழுப்பினார், அதுவும் இடிந்தது. அவர் கட்டிய ஆனிப் பேராலயத்தின் குவிமாடமோ 1319-இல் நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. வீழ்ந்தது வியப்பன்று; ஹாகியா சோஃபியாவும்தான் வீழ்ந்தது. ஆனால் ஆனியில் அதை எடுத்து நிறுத்துவார் இல்லை. படையெடுப்புகளாலும் வணிக வழி மாறியதாலும் நகரம் தேய்ந்தது. மக்கள் ஒவ்வொரு குடியாக வெளியேறினர். கூரையிழந்த சுவர்கள் துருக்கி நாட்டின் கிழக்கெல்லையில், புல் மண்டிய வெளியில், இன்றும் நிற்கின்றன. ஊர் பெயர்ந்து வாழும் நம் போன்றோர் ஆனியின் கதையைச் சற்று நின்றே படிப்போம். அங்கே கல் தோற்கவில்லை. சாரம் கட்ட ஆளில்லை.

இதில் ஓர் ஊழ் விளையாட்டும் உண்டு. திரிதாத் தம் பெயரால், தம் எண்ணத்தால் ஆனியில் கட்டிய இவ்விரு குவிமாடங்களும் மண்ணாயின. பிறர் எண்ணத்திற்கு அடங்கி, பிறர் ஊரில், பிறர் ஆலயத்தில் அவர் ஒட்டிவைத்த மேற்குத் துண்டோ ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. புகழ் வேண்டுவோர் எதனைத் தேர்ந்திருப்பர் என்று நமக்குத் தெரியும். அவர் இரண்டையும் செய்தார்.

ஆலயத்தின் கிழக்குக் கோடியில் ஒரு சிறு முரண் உண்டு. அங்குச் செல்வோர் கூர்ந்து நோக்கினால் காணலாம். அந்தேமியஸ் வரைந்த நடுக்கோடு ஒரு திசையை நோக்குகிறது. மெக்கா நகரின் திசை அதற்குச் சற்றே தெற்கே விலகியிருக்கிறது. ஆகவே தொழுகைத் திசை காட்டும் மிஹ்ராப் மாடம், அரைவட்டக் கோடியின் நடுவில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கி நிற்கிறது. தொழுவோர் வரிசைகளும் கட்டடத்தின் நீளத்திற்குக் கோணலாகவே அமைகின்றன. கட்டடத்தை இடித்துத் திருப்ப யாரும் முயலவில்லை. இரண்டு திசைகளும் ஒரே கூரையின்கீழ்ச் சிறு கோணத்தில் விலகியபடி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன.

2025-இல் துருக்கி அரசு பெருங்குவிமாடத்தை நிலநடுக்கத்திற்கு ஈடுகொடுக்குமாறு வலுப்படுத்தும் பணியைத் தொடங்கியது. அதற்கான சாரத்தில் ஏறுவோர், கீழிருந்து யாருக்கும் புலப்படாத இடத்தில், இளைய இசிடோரின் செங்கல் முடிந்து திரிதாத்தின் செங்கல் தொடங்கும் தையலைக் கைக்கெட்டும் தொலைவில் காண்பர். அதனருகே அவர்கள் இடப்போகும் சாந்து எந்த வளைவைப் பின்பற்றும் என்பதை, அந்த உயரத்தில் நின்று, அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.